உள்நாக்குக்கும் கீழே

தார்த்துவில் ஜனவரி.
எட்டரை மணிக்கும் சன்னலில் இரவுதான் நிற்கிறது.
கல்யூ ரைட்மா வந்துவிட்டார்.
வால்கா தடத்தில் இருபது வருடம் பேருந்து ஓட்டியவர்,
நூற்று நாற்பத்தொரு கிலோ.
கைப்பிடி இல்லாத நாற்காலியாகப் பார்த்து
தானே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

மூக்கு வழியே குழாய்.
விழுங்குங்கள், என்கிறேன்.
விழுங்குகிறார். இன்னொரு முறை.
கண்ணில் நீர் கோக்கிறது. அழுகையில்லை,
குழாய் தொண்டையின் வளைவில் திரும்புகிறது.
நாக்கைத் தொடாமல்
உள்நாக்கையும் தாண்டி
இரைப்பையையும் தாண்டி
சிறுகுடலின் முதல் சாணில் போய் நிற்கும்.

அங்கே இன்னொரு நாக்கு உண்டு.
நாக்கென்றால் நாக்கில்லை.
மடிப்புகளுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள்,
சந்தைக் கூட்டத்தில்
மப்டியில் நிற்கும் போலீஸ்காரர்கள் மாதிரி.
இனிப்பு வந்தால் அவற்றுக்குத் தெரியும்.
சப்புக்கொட்டாது.
இன்னும் கொஞ்சம் என்று கேட்காது.
ரத்தத்தில் ஒரு சேதி விடும்,
நரம்பில் ஒரு தட்டுத் தட்டும்:
வந்துவிட்டது. போதும்.

அந்தப் 'போதும்' எங்கே தொலைகிறது என்றுதான்
பதினோரு வருடமாகத் தேடுகிறேன்.

இரண்டு நாள், இரண்டு புட்டி.
ஒன்றில் சர்க்கரை நீர், ஒன்றில் உப்பு நீர்.
இன்று எது என்று எனக்கும் தெரியாது.
மருந்தகத்தில் லேயா சீட்டு ஒட்டி மூடிவிட்டாள்.
பம்பு நிமிடத்துக்கு நாலு மில்லி தள்ளுகிறது.
கால்மணிக்கு ஒருமுறை ரத்தம்,
கால்மணிக்கு ஒருமுறை அதே கேள்வி,
பத்து சென்டிமீட்டர் கோட்டில் உங்கள் பசியைக் குறியுங்கள்.

பேனாவைப் பிடித்தபடி யோசிக்கிறார்.
"பசியைக் கேட்கிறீர்களா,
தின்ன வேண்டும்போல் இருப்பதைக் கேட்கிறீர்களா?"
படிவத்தில் ஒரு கோடுதான் இருக்கிறது.
"எனக்கும் ஒன்றுதான்," என்கிறார்,
"ரொம்ப நாளாக."

மதியம் குழாயை உருவியதும்
பையிலிருந்து கறுப்பு ரொட்டியை எடுத்தார்.
பன்னிரண்டு மணிநேரப் பட்டினி.
நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு
சாப்பிட்டார்.
அறையில் என்னைத் தவிர யாருமில்லை.

மார்ச்சில் லேயாவின் உறையைப் பிரித்தோம்.
மெலிந்தவர்களின் குடல்
சர்க்கரையைக் கண்ட அரைமணியில்
ருசி பார்த்தது போதுமென்று கடையைச் சாத்தியிருந்தது.
கல்யூவிடம் கிள்ளியெடுத்த அரிசிமுனைச் சதையில்
கடை திறந்தே கிடந்தது.
எல்லாவற்றையும் ருசித்தது. எல்லாவற்றையும் உள்ளே விட்டது.
மேலே போகவேண்டிய சேதியில் பாதி போகவில்லை.
ஓர் ஆள், ஒரு குடல்.
இதை வைத்து ஒன்றும் சொல்லிவிட முடியாது.
எடை கூடியதால் இப்படி ஆனதா,
இப்படி இருந்ததால் எடை கூடியதா?
இன்னும் முப்பத்தேழு பேர் வேண்டும்.
பணம் ஒன்பது பேருக்கு இருக்கிறது.

அட்டவணைக்காக அவருடைய பழைய கோப்பைக் கேட்டு வாங்கினேன்.
பதின்மூன்று வருடத்துக்கு முந்தைய பக்கம்,
வெளிநோயாளர் பிரிவு, நீல மை:
'உணவு அறிவுரை வழங்கப்பட்டது.
மனவுறுதி போதாது.'
கீழே கையெழுத்து.
அந்த வாலை இப்போதும் அப்படித்தான் இழுக்கிறேன் நான்.

அன்று நான் பயிற்சி மருத்துவர்.
ஒரு நாளைக்கு நாற்பது பேர்.
அவர் முகம் எனக்கு நினைவில்லை.
என் முகம் அவருக்கு?

ஏப்ரலில் எமயோகி ஆற்றில் பனி உடைந்து
பாளம் பாளமாகப் போய்க்கொண்டிருந்தது.
வரைபடத்தைக் காட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்,
தெரியாத ஊரின் வழித்தடத்தைப் பார்ப்பதுபோல.
"அப்படியானால் உள்ளே ஒருவன்
மணியடிக்க மறந்திருக்கிறான்."
இருக்கலாம், என்றேன். உறுதியில்லை.
"என் மனைவியிடம் 'இருக்கலாம்' என்று சொல்லலாமா?"
சொல்லலாம்.

பையைத் திறந்தார். ரொட்டி.
நாற்காலியின் முதுகில் கை வைத்தார்.
நீல மையைப் பற்றி
இப்போதே சொல்லிவிடலாமென்று வாயெடுத்தேன்.

"சாப்பிடுங்கள்," என்றேன்.
நாற்காலிக் கால்கள் தரையில் உராய்ந்தன.